ஒரு சுற்று ராணி லிலியன் போர்டு

ஸ்போர்ட்ஸ் டே வந்தால் 100 மீட்டருக்குப் பெயர் கொடுக்க நம்ம ஆட்கள் முண்டியடிப்பார்கள். 1500 மீட்டருக்குக்கூட, பாதி தூரம் நடந்தாவது முடித்துவிடலாம் என்கிற தைரியத்தில் நாலு பேர் வருவார்கள். 400 மீட்டர் என்று பி.டி. சார் வாயைத் திறந்தால் போதும், எல்லோரும் ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுவார்கள். மைதானத்தை ஒரே ஒரு சுற்று. அதற்கு ஏன் இந்தப் பயம்?

விஷயம் இதுதான் நண்பர்களே. தசையில் ரெடியாக இருக்கிற சக்தி, முழு வேகத்தில் ஓடினால் சில வினாடியில் தீர்ந்துபோகும். அதற்கப்புறம் தசை சர்க்கரையை எரித்து ஓட வேண்டும். அந்த வேகத்துக்கு வேண்டிய ஆக்ஸிஜனை நுரையீரலும் இதயமும் சப்ளை பண்ண முடியாது. ஆக்ஸிஜன் போதாமல் சர்க்கரை எரிந்தால் தசையில் அமிலத்தன்மை ஏறும். 300 மீட்டரைத் தாண்டும்போது, இடுப்புக்குக் கீழே இருப்பது நம்ம காலா, யாரோ கட்டிவிட்ட மணல் மூட்டையா என்று சந்தேகம் வரும். மோட்டாரை ஓவர்லோடில் ஓடவிட்டு, ஃபியூஸ் போவதற்குள் வேலையை முடித்துக்கொள்கிற மாதிரி.

கடைசி நூறு மீட்டரில் ஒருத்தர் பறந்து வந்து ஜெயித்தார் என்று பேப்பரில் எழுதுவார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற தோற்றம்தான். உண்மையில் அங்கே யாருமே வேகத்தைக் கூட்டுவதில்லை. எல்லோருக்கும் வேகம் குறைகிறது. யாருக்குக் கம்மியாகக் குறைகிறதோ அவர் முன்னால் வருகிறார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லிலியன் போர்டு என்கிற இங்கிலாந்துப் பெண்ணின் வாழ்க்கையில் இது இரண்டு முறை நடந்தது. ஒரு முறை அவருக்கு எதிராக. ஒரு முறை அவருக்குச் சாதகமாக. எதிரில் ஓடியவர் இரண்டு முறையும் ஒரே ஆள்!

பெண்கள் இந்தப் பந்தயத்துக்கு வந்து சேர்ந்ததே தனிக் கதை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாகத் தடகளப் போட்டிகள் வைத்தார்கள். அதில் 800 மீட்டரும் இருந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். ஆனால் ஓடி முடித்த சிலர் களைத்துப்போய்ப் படுத்ததைப் பார்த்துவிட்டு, பெண்களெல்லாம் கொத்துக் கொத்தாக மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. (ஆண்கள் படுத்தால் வீரம், பெண்கள் படுத்தால் பலவீனம் போலிருக்கிறது!) அவ்வளவுதான், 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பந்தயமே கிடையாது என்று 32 வருடம் கதவைச் சாத்திவிட்டார்கள். 1960ல்தான் 800 மீட்டர் திரும்பி வந்தது. 400 மீட்டர் அதற்கும் பிந்தி, 1964 டோக்கியோவில். அதில் ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட் தங்கம், இங்கிலாந்தின் ஆன் பேக்கர் வெள்ளி. சில நாளில் அதே ஆன் பேக்கர் 800 மீட்டரில் தங்கமும் வாங்கிவிட்டார். ஆக, இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்த ஒரு சுற்றுப் பந்தயத்தின் மேல் ஒரு ஆசை விழுந்துவிட்டது. அடுத்த ஒலிம்பிக்கில் தங்கம் நமக்குத்தான் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

லிலியன் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில். 1948 டிசம்பர் 13. கூடவே பிறந்தவர் இரட்டைச் சகோதரி ஐரீன். அப்பா ஜார்ஜ் போர்டு மான்செஸ்டர் பக்கத்து ஆள். பிழைப்புத் தேடிக் கப்பலேறிப் போனவர், 1950லேயே குடும்பத்தோடு மான்செஸ்டருக்குத் திரும்பிவிட்டார். பிறகு லண்டனின் ஈலிங் பகுதிக்குக் குடி வந்தார்கள். அப்பாவுக்குக் கட்டட வேலை. வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது.

ஈலிங்கில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடம். அங்கே இருந்த விளையாட்டு ஆசிரியை, இந்தப் பெண் ஓடுகிற ஓட்டம் வேற மாதிரி இருக்கிறதே என்று கவனித்து, லண்டன் ஒலிம்பியாட்ஸ் என்கிற பெண்கள் தடகளக் கிளப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நம்ம ஊரிலும் எத்தனையோ பேர் முன்னுக்கு வந்தது இப்படி ஒரு டீச்சர் கண்ணில் பட்டதால்தான். முதலில் லிலியனுக்குப் பிடித்தது நீளம் தாண்டுதல். 1963ல் அகில இங்கிலாந்துப் பள்ளிகள் போட்டியில் ஜூனியர் பிரிவில் நீளம் தாண்டுதலில் முதலிடம். ஓட்டத்துக்கு முழுசாக வந்தது அதற்கப்புறம்தான்.

பள்ளிக்கூடம் முடித்ததும் அவர் சேர்ந்தது எங்கே தெரியுமா? சிஸ்விக் பாலிடெக்னிக்கில்! ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம், லேத்தும் டிராயிங் போர்டும் கிடையாது. அங்கே பாலிடெக்னிக் என்றால் பலவிதப் படிப்பும் இருக்கும். லிலியன் எடுத்தது செக்ரட்டேரியல் கோர்ஸ். முடித்துவிட்டு டைப்பிஸ்ட் வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் தடகளம் என்பது சம்பளம் வாங்காத விளையாட்டு. பரிசுப் பணம் வாங்கினால் ஆட்டத்தை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். அதனால் பகலெல்லாம் டைப்ரைட்டர், சாயங்காலம் மைதானம். பயிற்சி கொடுத்தது வேறு யாருமில்லை, அப்பா ஜார்ஜ்தான். அப்பாவே கோச் ஆக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டு மேஜையிலும் ஸ்டாப்வாட்ச் பேச்சுதான்.

1966ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் காமன்வெல்த் போட்டி. அப்போது அங்கே மீட்டர் இல்லை, 440 கஜம். 17 வயதில் போய் ஐந்தாவதாக வந்தார். பெரியவர்களோடு ஓடி ஐந்தாவது என்றால் மோசமில்லை. ஆனால் ஐந்தாவது வந்தவர் பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி ஆனது அடுத்த வருடம். 1967 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவுக்கும் காமன்வெல்த் அணிக்கும் பந்தயம். 400 மீட்டரில் லிலியன் ரொம்பப் பின்னால் இருந்தார். கடைசி நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து 52.8 வினாடியில் ஜெயித்தார். 18 வயது, பொன் நிறத் தலைமுடி, சிரித்த முகம். பத்திரிகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து இங்கிலாந்துப் பேப்பர்களில் அவர்தான் தங்க மங்கை. தங்கம் வாங்குவதற்கு முன்னாலேயே!

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வாங்காத மெடலை ஊரெல்லாம் சேர்ந்து கழுத்தில் மாட்டிவிட்டால் அதன் கனத்தைச் சுமந்துகொண்டு ஓட வேண்டியது அந்தப் பெண்தானே. அதே 1968ல் யூகோஸ்லாவியாவின் வேரா நிக்கோலிச், 800 மீட்டர் உலக சாதனை வைத்திருந்தவர், நாடே எதிர்பார்த்த பாரம் தாங்காமல் மெக்ஸிகோ ஒலிம்பிக் அரையிறுதியில் பாதியில் பாதையை விட்டு வெளியே நடந்துவிட்டார். லிலியன் அப்படி உடையவில்லை.

மெக்ஸிகோ சிட்டி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஊட்டி உயரம். காற்று அடர்த்தி கம்மி. வேக ஓட்டக்காரருக்கு எதிர்க்காற்றின் தடை குறைவதால் லாபம். தூர ஓட்டக்காரருக்கு ஆக்ஸிஜன் போதாததால் நஷ்டம். 400 மீட்டர் ஓடுகிறவர் நடுவில் மாட்டிக்கொண்டவர். முதல் பாதியில் லாபம், கடைசியில் அதற்கு வட்டி. போதாக்குறைக்கு, ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கை ரப்பர் மாதிரியான டார்ட்டன் தளம். கரித்தூள் பாதையைவிட வேகம் அதிகம்.

இன்னொரு சமாசாரம். 400 மீட்டரை முழுக்க அவரவர் பாதையிலேயே ஓட வேண்டும். பாதையின் அகலம் சுமார் 1.22 மீட்டர். ஒரு பாதை வெளியே தள்ளினால் ஆரம் 1.22 கூடுகிறது, சுற்றளவு 2 பை ஆர் கணக்கில் சுமார் 7.67 மீட்டர் கூடுகிறது. அதைச் சரிக்கட்டத்தான் வெளிப்பாதைக்காரரை அவ்வளவு முன்னால் நிறுத்துகிறார்கள். இதனால் என்ன ஆகும் என்றால், கடைசி வளைவு முடிகிற வரைக்கும் யார் முதலில் போகிறார்கள் என்று ஓடுகிறவருக்கே சரியாகத் தெரியாது. நேர்ப்பாதைக்கு வந்த பிறகுதான் கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

1968 அக்டோபர் 16. இறுதிப் போட்டி. முந்தின நாள்தான் இங்கிலாந்தின் டேவிட் ஹெமரி 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 48.12 என்று உலக சாதனையோடு தங்கம் வாங்கியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் எல்லோரும் லிலியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வரும்போது லிலியன் முன்னால் இருந்தார். எண்பது மீட்டர், அறுபது மீட்டர், இன்னும் அவர்தான். இங்கிலாந்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றிருப்பார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு நீல உடை வந்தது. பிரான்ஸின் கொலெட் பெஸ்ஸோன். 22 வயது, உடற்பயிற்சி ஆசிரியை. பந்தயத்துக்கு முன்னால் அவரை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் பிரெனே மலையில் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஃபோன் ரோமு பயிற்சி மையத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். மெல்லிய காற்று அவருக்குப் பழகின காற்று. வளைவு முடியும்போது நாலைந்து பேருக்குப் பின்னால் இருந்தவர், மற்றவர்களின் கால்கள் மூட்டையாக மாறிக்கொண்டிருந்தபோது ஒவ்வொருவராகத் தாண்டினார். கடைசிச் சில மீட்டரில் லிலியனையும்.

பெஸ்ஸோன் 52.03 வினாடி. லிலியன் 52.12. வித்தியாசம் 0.09.

இந்த 0.09 எவ்வளவு தூரம்? அந்த இடத்தில் ஓட்டத்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 63 சென்டிமீட்டர். நம்ம டிராயிங் ஹால் டி-ஸ்கொயர் நீளத்துக்குக் கொஞ்சம் கம்மி. 400 மீட்டர் ஓடி, அதில் தோற்றது ஒரு டி-ஸ்கொயர்! 1984ல் லாஸ் ஏஞ்சலஸில் நம்ம பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை விட்டது 0.01 வினாடியில், 55.41க்கும் 55.42க்கும் நடுவில். அந்த வேதனை நமக்குத் தெரியும். லிலியனுக்கு மெடலாவது கிடைத்தது. ஆனால் உஷாவுக்காக அழுத நாம், வெள்ளி வாங்கின பெண்ணுக்கு எதற்கு வருத்தம் என்று கேட்க முடியாது. கையில் இருந்ததை இழப்பது வேறு.

மேடையில் பெஸ்ஸோன் தேசிய கீதம் கேட்டுக் கண்ணீர் விட்டார். பக்கத்துப் படியில் நின்ற லிலியன் 19 வயதுப் பெண். அன்றைக்குத்தான் ஆண்கள் 200 மீட்டர் மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தினார்கள். உலகப் பத்திரிகைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. இங்கிலாந்துப் பத்திரிகைகள் மட்டும் 0.09ஐ விடவில்லை.

தோற்றதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது, லிலியன் செய்த தப்பு என்று ஒன்றும் இல்லை. இன்னொருத்தர் தன் வாழ்க்கையிலேயே மிகச்சிறந்த ஓட்டத்தை அன்றைக்கு ஓடினார். அவ்வளவுதான். ஆனால் தோற்றவர் இதை ஒத்துக்கொள்வது லேசில்லை. காரணம் தேடிக்கொண்டே வருடங்களைக் கழித்தவர்கள் உண்டு. லிலியன் என்ன செய்தார் என்றால், இரண்டு சுற்று ஓடப் பழகினார். அதாவது 800 மீட்டர். கடைசி நூறு மீட்டரில் தாங்குகிற சக்தி வேண்டுமென்றால் அதைவிட நீளமாக ஓடிப் பழகு என்பது பழைய வித்தை. ஆன் பேக்கர் போட்டுக் காட்டிய வழி அது.

1969 செப்டம்பர். கிரீஸ் நாட்டில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான பைரேயஸில், கராய்ஸ்காகிஸ் ஸ்டேடியத்தில் போட்டிகள். 800 மீட்டரில் லிலியன் 2 நிமிடம் 1.4 வினாடியில் தங்கம் வாங்கினார். இரண்டாவது வந்தவருக்கு ஒரு வினாடிக்கு மேல் முன்னால். மூன்றாவது வந்தவர் மெக்ஸிகோவில் பாதியில் வெளியேறின அதே வேரா நிக்கோலிச். கடைசியில் ஒரு தங்கம், சந்தேகத்துக்கு இடமில்லாத தங்கம்.

ஒற்றைச் சுற்று 400 மீட்டரில் லிலியன் ஓடவில்லை. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பிரான்ஸின் நிக்கோல் டுக்லோவும் பெஸ்ஸோனும் சேர்ந்தே வந்து விழுந்தார்கள். இரண்டு பேருக்கும் 51.7, இரண்டு பேருக்கும் உலக சாதனை. நூறில் ஒரு பங்கு வரை பார்த்தால் டுக்லோ 51.77, பெஸ்ஸோன் 51.79. தங்கம் டுக்லோவுக்கு. ஒரு வருடத்துக்கு முன்னால் 0.09ல் ஜெயித்தவர் இப்போது 0.02ல் தோற்றார்! மெக்ஸிகோ மேடையில் கீழ்ப்படியில் நிற்பது எப்படியிருந்திருக்கும் என்று அன்றைக்குப் பெஸ்ஸோனுக்குப் புரிந்திருக்கும்.

செப்டம்பர் 20. பெண்கள் 4×400 மீட்டர் ரிலே. ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் அதுதான் முதல் தடவை. பிரான்ஸ் அணியில் உலக சாதனைக்காரர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அவர்களோடு பெர்னதெத் மார்ட்டின், எலியான் ஜாக். இங்கிலாந்துக்கு ரோஸ்மேரி ஸ்டர்லிங், பேட் லோ, மெக்ஸிகோவில் நாலாவது வந்த ஜேனட் சிம்ப்சன், கடைசியாக லிலியன். பேப்பரில் பார்த்தால் பிரான்ஸுக்குத்தான் ஜெயம்.

கடைசிச் சுற்றுக்குக் கம்பு கை மாறும்போது முன்னால் போனவர் பெஸ்ஸோன். பின்னால் லிலியன். நடுவில் சுமார் பத்து மீட்டர்.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 52 வினாடியில் 400 மீட்டர் என்றால் சராசரி வினாடிக்கு 7.7 மீட்டர். பத்து மீட்டர் என்பது 1.3 வினாடி. மெக்ஸிகோவில் தோற்ற 0.09ஐப் போல 14 மடங்கு! சமமான திறமையுள்ள இரண்டு பேரில் ஒருத்தர் 1.3 வினாடி பிந்தி ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. முடியவே முடியாது என்றுதான் கணக்கு சொல்லும்.

லிலியன் அவசரப்படவில்லை. எதிர்ப்பாதையில் ஒரேயடியாக விரட்டிப் பிடிக்கப் பார்த்திருந்தால் வளைவிலேயே பெட்ரோல் தீர்ந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைத் தின்றுகொண்டே போனார். வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்தபோதும் பெஸ்ஸோன்தான் முன்னால். இப்போது பாருங்கள், அதே இரண்டு பேர், அதே கடைசி நூறு மீட்டர், இடம் மட்டும் தலைகீழ். முன்னால் ஓடுகிறவருக்குப் பின்னால் வருகிறவரின் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். மெக்ஸிகோவில் அந்தச் சத்தம் லிலியனின் முதுகுக்குப் பின்னால். இங்கே பெஸ்ஸோனின் முதுகுக்குப் பின்னால். இரண்டு பேருக்கும் வேகம் குறைந்துகொண்டிருந்தது. லிலியனுக்குக் கம்மியாகக் குறைந்தது. கோட்டில் நெஞ்சை முன்னால் தள்ளினார்.

இரண்டு அணிக்கும் 3 நிமிடம் 30.8 வினாடி. இரண்டுமே உலக சாதனை. படத்தைப் பார்த்துத்தான் தங்கம் இங்கிலாந்துக்கு என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அடேயப்பா! மெக்ஸிகோவைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறவர்கள் இந்த ஓட்டத்துக்கு இரண்டு வரி ஒதுக்குகிறார்கள். ஒலிம்பிக் இல்லையே! என்னைக் கேட்டால் லிலியன் ஓடியதிலேயே பெரிய ஓட்டம் இதுதான். நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு சுற்றுக்காகத்தான்.

1970 புத்தாண்டுப் பட்டியலில் எம்.பி.இ. விருது கிடைத்தது. வயது 21. அடுத்த குறி 1972 மியூனிச் ஒலிம்பிக், 800 மீட்டர். கல்யாணம் செய்துகொள்ள இருந்த டேவிட் எமரி ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வயிற்றுவலி வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 400 மீட்டர், 800 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு வலி என்பது தினசரி விருந்தாளி. வலித்தால் நிறுத்து என்று உடம்பு சொல்லும். நிறுத்தாதே, ஓடு என்று பழக்குவதுதான் பயிற்சி. அப்படி வருடக்கணக்கில் பழகின ஒருத்தருக்கு, எந்த வலி ஓடித் தாண்ட வேண்டியது, எந்த வலி டாக்டரிடம் போக வேண்டியது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? 1970 ஜூனில் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பெண்கள் தேசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடினார். மூன்றாவதாக வந்தார். பார்த்தவர்கள் ஃபார்ம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அவர் ஓடிய கடைசிப் பந்தயம் அது.

ஜூலையில் எடின்பரோவில் காமன்வெல்த் போட்டி. லிலியன் ஓட முடியவில்லை. 800 மீட்டர் தங்கத்தை ஸ்காட்லாந்துக்காக வாங்கியது ஏதென்ஸ் ரிலே தோழி ரோஸ்மேரி ஸ்டர்லிங். இலையுதிர் காலத்தில் லண்டனில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய். பரவியும் விட்டது.

21 வயதில், அதுவும் உலக சாதனை ஓட்டக்காரிக்கு, இப்படி ஒரு நோய் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? வயதானவர்களுக்கு வருகிற நோய் என்றுதான் டாக்டர்களே முதலில் நினைப்பார்கள். பெருங்குடல் முழுவதையும் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கிற கருவியும் அந்தச் சமயத்தில்தான் வர ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு நிலைமை வேறு. விடாத வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதெல்லாம் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கோளாறு என்று வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை. வயது 18 ஆனாலும் காட்டிவிட வேண்டும்.

லண்டன் டாக்டர்களால் நம்பிக்கை தர முடியவில்லை. நவம்பரில் லிலியன் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். பவேரியாவில் ராட்டாக்-எகர்ன் என்கிற ஏரிக்கரை ஊரில் டாக்டர் யோசெஃப் இஸ்ஸெல்ஸ் நடத்திய மருத்துவமனைக்கு. மற்றவர்கள் கைவிட்ட புற்றுநோயாளிகளை அவர் எடுத்துக்கொள்வார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டினால் கட்டி தானே அடங்கும் என்பது அவர் கொள்கை. தனிச் சாப்பாட்டு முறை, ஊசிகள், காய்ச்சல் சிகிச்சை. வாழ வேண்டும் என்று தவிக்கிற 21 வயதுப் பெண்ணும் அவர் குடும்பமும் அங்கே போனதைத் தப்பு சொல்ல நமக்கு வாய் கிடையாது. பத்து மீட்டர் பின்னாலிருந்து ஓடி ஜெயித்தவர் இன்னொரு முறையும் ஓடிப் பார்க்கத்தானே செய்வார். ஆனால் உண்மையையும் எழுத வேண்டும். பிரிட்டனிலிருந்து ஒரு மருத்துவக் குழு அந்த மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தது. அந்தச் சிகிச்சையால் கட்டி குணமாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1971ல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை வந்தபோது லிலியன் இல்லை.

டிசம்பரில் நிலைமை முற்றியது. மருத்துவமனையிலிருந்து அவரை ஒரு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மியூனிச். இரண்டு வருடம் கழித்து 800 மீட்டர் தங்கத்துக்காக வந்து இறங்க வேண்டிய ஊர். அறுவை சிகிச்சை செய்தார்கள். டிசம்பர் 13 அன்று 22 வயது முடிந்தது. 1970 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இறந்துபோனார்.

அடுத்த மாதம் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தபோது இடம் கொள்ளாத கூட்டம். டேவிட் எமரி 1971ல் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

அந்த ஒரு சுற்றின் நேரம் பிறகு எங்கேயோ போய்விட்டது. 1985ல் கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோக் 47.60 ஓடினார். நம்ம நாட்டு ஹிமா தாஸ் 2018ல் 50.79 ஓடினார். 52.12 இன்று ஒலிம்பிக் இறுதிக்கே போதாது. ஆனால் ஸ்டாப்வாட்சை மட்டும் பார்ப்பவர்கள் ஏதென்ஸின் கடைசி நூறு மீட்டரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்களோ தெரியவில்லை.

1972ல் மியூனிச் ஒலிம்பிக் நடந்தது. பெண்கள் 800 மீட்டரில் மேற்கு ஜெர்மனியின் ஹில்டகார்ட் ஃபால்க் 1 நிமிடம் 58.55 வினாடியில் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் 4×400 ரிலேயும் வைத்தார்கள். இங்கிலாந்து அணியில் ரோஸ்மேரி ஸ்டர்லிங்கும் ஜேனட் சிம்ப்சனும் இருந்தார்கள். பிரான்ஸ் அணியில் டுக்லோவும் பெஸ்ஸோனும் இருந்தார்கள். தங்கம் கிழக்கு ஜெர்மனிக்கு. பிரான்ஸ் நாலாவது, இங்கிலாந்து ஐந்தாவது. கொலெட் பெஸ்ஸோன் அதற்கப்புறம் நெடுநாள் இருந்து, 2005 ஆகஸ்டில் 59 வயதில் அதே புற்றுநோய் என்கிற பெயருள்ள வியாதியில் இறந்தார்.

மியூனிச் ஒலிம்பிக் பூங்காவில் இருக்கிற ஒரு பாதைக்கு லிலியன்-போர்டு-வேக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் வேக் என்றால் வழி.